மலைப்பாதையும் மசகெண்ணெயும்

காவலூரில் இருக்கும் பெரிய தொலைநோக்கி எண்ணெயின்மேல் மிதந்தபடிதான் விண்மீன்களைப் பின்தொடர்கிறது. ஜவ்வாது மலையில், ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் வழியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட அந்தத் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று, அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். அதன் வடபக்கத்தைத் தாங்குவது குதிரை லாட வடிவில் செய்த பெரிய எஃகுச் சட்டம். லாடத்துக்கு அடியில் திண்டுகள் இருக்கின்றன. பம்பு அந்தத் திண்டுகளுக்குள் எண்ணெயை அழுத்தித் தள்ள, எண்ணெய் லாடத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. எஃகும் எஃகும் தொட்டுக்கொள்வதில்லை.

அந்த மலையில்தான் புளியும் சாமையும் பலாவும் ஏற்றிக்கொண்டு குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டிகள் போளூருக்கும் திருப்பத்தூருக்கும் இறங்குகின்றன. மூட்டையும் ஆளுமாக எக்ஸெல் மொபெட்டுகள் ஏறுகின்றன. அரசுப் பேருந்துகள் கொண்டையூசி வளைவுகளில் முதல் கியரில் திரும்புகின்றன. இந்த வண்டிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் வானாய்வகத்தில் நடப்பதைப் போன்ற ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தொலைநோக்கியின் எண்ணெயைப் பார்த்துக்கொள்ள அதற்கென்றே பொறியாளர்கள் இருக்கிறார்கள். வண்டியின் எண்ணெயைப் பார்த்துக்கொள்ள வண்டிக்காரர் ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கு அந்த எண்ணெய் உள்ளே என்ன செய்கிறது என்று யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. ‘ஆயில் மாத்தணும்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஏன் மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர் மறக்கமாட்டார் என்பது என் நம்பிக்கை. அதனால் ஏன் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு உலோகப் பரப்புகள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத்தான் தெரியும். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் முழுப் பரப்பும் தொடுவதில்லை. சில மேடுகளின் உச்சிகள் மட்டுமே தொடுகின்றன. மொத்த எடையும் அந்தச் சில உச்சிகளின்மேல் விழுவதால் அங்கே அழுத்தம் மிகக் கடுமையாகிறது. உச்சிகள் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்கின்றன. நகர்த்தும்போது அந்த ஒட்டுகள் பிய்கின்றன. பிய்வதற்குச் செலவாகும் விசைதான் உராய்வின் பெரும்பகுதி. பிய்ந்து வரும் துணுக்குதான் தேய்மானம். உயவு என்பது இந்த உச்சிகளைத் தொடவிடாமல் செய்யும் வேலை. அதைச் செய்ய மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது.

முதல் வழி மாட்டுவண்டியில் இருந்தது. வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, அச்சில் தடவுவார்கள். வண்டிக்கு மை போடுவது என்று அதற்குப் பெயர். மாட்டுவண்டியின் சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது, சுமையோ அதிகம். இந்த வேகத்தில் சாதாரண எண்ணெய் நடுவில் நிற்காது, பிதுங்கி வெளியே போய்விடும். நிற்க வேண்டுமானால் எண்ணெய் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். விளக்கெண்ணெய்க்கு அந்தக் குணம் உண்டு. அதன் கொழுப்பு அமிலங்களில் சுமார் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். அந்த மூலக்கூறின் ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, நீண்ட வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. இரு பரப்புகளிலும் இப்படி வால்கள் நின்றால், உலோகத்துக்குப் பதில் வாலும் வாலும்தான் உரசும். போதாக்குறைக்குக் கரித்தூள் இடையில் கிடந்து வழுக்கிக்கொடுக்கிறது.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களின் என்ஜின்கள் விளக்கெண்ணெயில்தான் ஓடின. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான் 1909இல் கேஸ்ட்ரால் என்ற வணிகப் பெயர் பிறந்தது. இன்றைய என்ஜின் ஆயிலிலும் இதே உத்தி இருக்கிறது. துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் சேர்ந்த ஒரு வேதிப்பொருளை 1940களிலிருந்து ஆயிலில் கலக்கிறார்கள். சூடும் அழுத்தமும் கூடும் இடத்தில் அது சிதைந்து, உலோகத்தின்மேல் கண்ணாடித்தன்மையுள்ள மெல்லிய பூச்சாகப் படிந்துவிடுகிறது. பூச்சு தேயத் தேய ஆயிலிலிருந்து புதுப் பூச்சு உருவாகும். ஆயிலில் இருக்கும் அந்தச் சரக்கு தீரும்வரைதான் இது நடக்கும். ஆயில் மாற்றச் சொல்வதற்கு இது முதல் காரணம். பார்வைக்கு நன்றாக இருக்கும் ஆயில்கூட உள்ளே வெறுமையாகிப் போயிருக்கலாம்.

இரண்டாவது வழியைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் பெட்டிகளின் அச்சுத் தாங்கிகளில் உராய்வு எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், துளை வழியாக உள்ளே போக வேண்டிய எண்ணெய் வெளியே பொங்கியது. துளையை ஒரு மர அடைப்பால் மூடினார். எண்ணெய் அடைப்பை மெல்ல வெளியே தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். தாங்கியின்மேல் இருந்த சுமையைப் பரப்பால் வகுத்தால் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான் வரும். அழுத்தமானியின் முள்ளோ 200ஐத் தாண்டிக்கொண்டு போனது. அந்த எண்ணெயை யாரும் பம்பு வைத்து அழுத்தவில்லை. சுழலும் அச்சே தன்னோடு எண்ணெயை இழுத்துக்கொண்டு போய், குறுகிக்கொண்டே வரும் இடுக்குக்குள் திணிக்கிறது. திணிக்கப்பட்ட எண்ணெய் அச்சைத் தூக்கிவிடுகிறது. 1886இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் இதற்குக் கணிதச் சமன்பாட்டை எழுதினார். இன்றுவரை உலகில் உள்ள தாங்கிகளை அந்தச் சமன்பாட்டைக் கொண்டுதான் வடிவமைக்கிறார்கள்.

கார், வேன், பேருந்து என்ஜின்களின் கிராங்க் தண்டு இப்படித்தான் சுழல்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. எரியும் வாயு பிஸ்டனை அடிக்கும் அடி முழுவதையும் தாங்குவது, தண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவில் இருக்கும் சில மைக்ரான் எண்ணெய்ப் படலம். நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கைவிட மெல்லியதாகக்கூட ஆகிவிடும் ஒரு திரவத்தின்மேல்தான் மலையேறும் பேருந்தின் முழு உழைப்பும் நடக்கிறது. படலம் அறாமல் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. தேய்மானம் ஏறக்குறைய இல்லை. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய என்ஜினைப் பிரித்தால் கிராங்க் தண்டு பளபளவென்று இருப்பதை மெக்கானிக்குகள் பார்த்திருப்பார்கள். காரணம் இதுதான்.

பைக்குகளில் கதை இன்னும் வியப்பானது. பெரும்பாலான சிறு பைக்குகளின் கிராங்க் தண்டு குண்டு பேரிங்குகளிலும் உருளை பேரிங்குகளிலும் நிற்கிறது. அங்கே குண்டும் தடமும் தொடும் இடம் மிகச் சிறியது என்பதால் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் பத்தாயிரம் மடங்குவரை போகலாம். அந்த அழுத்தத்தில் எண்ணெய் அப்படியே இறுகி, கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவான நேரத்துக்குத் திடப்பொருளைப் போல நடந்துகொள்கிறது. எஃகே கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கிறது. குண்டு தாண்டியதும் எண்ணெய் மறுபடி திரவமாகிவிடுகிறது. கியர் பற்களுக்கு நடுவிலும் இதுவே நடக்கிறது.

இப்போது காவலூர். இங்கே மூன்றாவது வழி. பூமி தன்னைத்தானே சுற்ற 23 மணி 56 நிமிடம் ஆகிறது. விண்மீன் பார்வையிலிருந்து நழுவாமல் இருக்க, தொலைநோக்கியும் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். ஒரு மணிக்கு 15 டிகிரி. இந்த நத்தை வேகத்தில், டவர் கண்டது போல எண்ணெயைத் தானே இழுத்துத் திணித்துக்கொள்ள முடியாது. மை தடவி வைத்தாலும் ஆகாது. ஏனென்றால் நின்றிருக்கும் பொருளை அசைக்கத் தேவைப்படும் விசை, ஓடிக்கொண்டிருக்கும் பொருளை ஓட்டத் தேவைப்படும் விசையைவிட அதிகம். மெதுவாக நகர்த்தினால் பொருள் நிற்கும், குதிக்கும், மறுபடி நிற்கும். பிரேக் கிறீச்சிடுவது இதனால்தான். தொலைநோக்கி அப்படிக் குதித்தால் விண்மீனின் படம் கலங்கிப்போகும். ஆகவே வெளியிலிருந்து பம்பு வைத்து எண்ணெயை அழுத்தி, நகராமல் நிற்கும்போதும் படலம் இருக்கும்படி செய்கிறார்கள். திரவப் படலத்துக்கு நிலை உராய்வு என்பதே கிடையாது. அமெரிக்காவின் பலோமர் மலையில் 1948இல் தொடங்கப்பட்ட 200 அங்குலத் தொலைநோக்கியும் எண்ணெய்த் திண்டுகளின்மேல் நிற்பதுதான். அதன் நகரும் பகுதி மட்டும் சுமார் 500 டன். விண்மீனைப் பின்தொடர அதைச் சுழற்றுவதற்கு ஒரு குதிரைத்திறனில் பன்னிரண்டில் ஒரு பங்கு மோட்டார் போதுமானதாக இருந்தது.

மலைக்குத் திரும்புவோம்.

படலத்தின் தடிமனைத் தீர்மானிப்பவை மூன்று: சுற்றும் வேகம், சுமை, எண்ணெயின் பிசுக்கம். வேகம் கூடினால் படலம் தடிக்கும். சுமை கூடினால் மெலியும். எண்ணெய் சூடாகி நீர்த்தாலும் மெலியும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு அத்திமூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் ஒரு வண்டியை நினைத்துப்பாருங்கள். சுமை நிறைய. ஏற்றம் என்பதால் வேகம் குறைவு. காற்று உள்ளே வருவது குறைவென்பதால் சூடு அதிகம். படலத்துக்கு எதிராக மூன்றும் ஒரே நேரத்தில் கூடிக்கொள்கின்றன. இந்த நேரத்தில் கியரைக் குறைக்காமல் முக்கிக்கொண்டு ஏறினால், என்ஜின் மெதுவாகச் சுற்றும், அடியோ பலமாக விழும். படலம் அறுந்து உலோகம் உலோகத்தைத் தொடுவது அப்போதுதான். இரைச்சல் கேட்கிறதே என்று பயந்து பலர் கியரைக் குறைப்பதில்லை. இரைந்துகொண்டு ஏறும் என்ஜினைவிட முனகிக்கொண்டு ஏறும் என்ஜின்தான் அதிகம் தேய்கிறது.

எண்ணெய் எவ்வளவு நீர்க்கும்? நம் வண்டிகளில் பரவலாக ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயில், 40 டிகிரி சூட்டில் இருக்கும் பிசுக்கத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் 100 டிகிரியில் மிச்சம் வைக்கும். டப்பாவில் டபிள்யூ சேர்ந்த முதல் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது, இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது. உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் எண்தான் உங்களுக்குரியது. கெட்டியாக இருந்தால் நல்லது என்று நாமாகவே பெரிய எண்ணுக்குப் போவது சரியல்ல. மார்கழி விடியலில் கெட்டி ஆயில் என்ஜினின் உச்சிக்கு ஏறிப்போக நேரமாகும். இரவெல்லாம் நின்ற வண்டியில் எண்ணெய் முழுக்க அடியில் வடிந்திருக்கும்; கிளப்பிய முதல் சில நொடிகளில் மேலேயுள்ள பாகங்களைக் காப்பது பெரும்பாலும் அந்தத் துத்தநாகப் பூச்சுதான். கிளப்பியதும் முறுக்கிச் சத்தம் எழுப்புவதைப் போல என்ஜினுக்குக் கெடுதல் வேறில்லை. அரை நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு மெதுவாகக் கிளம்பினால் போதும்.

பைக்குக்கு இன்னொன்று. பெரும்பாலான பைக்குகளில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கார் ஆயில்களில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள்களைக் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள். அதை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் தட்டுகள் பிடிக்காமல் வழுக்கும். மலையேற்றத்தில் என்ஜின் இரையும், வண்டி ஏறாது. பைக்குக்கென்று விற்கும் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

எக்ஸெல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பழைய எக்ஸெல் இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றினால் போதும். என்ஜினுக்குள் ஆயில் தேங்கியிருக்காது, அளவு பார்க்கக் கம்பியும் இருக்காது. அந்த வண்டிக்கு மலை இறக்கம் ஒரு சோதனை. ஆக்சிலேட்டரை முழுக்க விட்டுவிட்டு நீண்ட தூரம் இறங்கினால், பெட்ரோல் உள்ளே போவது குறையும். பெட்ரோலோடு போகும் ஆயிலும் குறையும். என்ஜினோ சக்கரத்தின் இழுப்பில் வேகமாகச் சுற்றும். அப்படித்தான் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ‘சீஸ் ஆயிடுச்சு’ என்பார்கள். இடையிடையே லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டு இறங்குவது இதற்காகத்தான். 2015இல் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினோடு எக்ஸெல் 100 வந்தது. இதில் ஆயில் தனியாக என்ஜினுக்குள் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் ஆயில் ஊற்றிப் பழகியவர்கள், இனிமேல் அந்த வேலை இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். வேலை இல்லாமல் போகவில்லை, கண்ணுக்கு மறைவான இடத்துக்குப் போயிருக்கிறது. சிறு என்ஜினில் இருக்கும் ஆயில் ஒரு லிட்டருக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். அதில் கால் லிட்டர் குறைந்தாலும் பெரிய குறைவு.

ஆயில் அளவைப் பார்க்க வண்டி சமதரையில் நிற்க வேண்டும். மலைக் கிராமத்தில் சமதரை கிடைப்பது எளிதல்ல என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சரிவில் நிறுத்திப் பார்த்தால் குறைந்த ஆயில் நிறைந்ததாகத் தெரியும். நிறைந்தது குறைந்ததாகத் தெரியும். பள்ளிக்கூடத் திடலோ களமோ, மட்டமான இடம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு எப்போதும் அங்கேயே பாருங்கள். என்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைக்கில் கம்பியைத் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டுமா, திருகிப் பார்க்க வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். நிறத்தையும் கவனியுங்கள். டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரமே கறுப்பது குற்றமல்ல. கரியைத் தன்னுள் மிதக்க வைத்து, படியவிடாமல் காப்பது ஆயிலின் வேலைகளில் ஒன்று. பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால்தான் அஞ்ச வேண்டும். ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்படி இருந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

டேஷ்போர்டில் ஆயில் விளக்கு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை. அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போன பிறகுதான் எரியும். எரியும்போது படலம் ஏற்கெனவே அறுந்துகொண்டிருக்கும். உடனே நிறுத்த வேண்டும். பல பைக்குகளில் அந்த விளக்குகூடக் கிடையாது.

இன்னொன்று. கையேட்டில் ஆயில் மாற்றுவதற்கு இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்று ஒரு எண் போட்டிருக்கும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், தூசி, மலைப்பாதை, பாரம், அடிக்கடி குறுந்தூர ஓட்டம் போன்ற கடினமான சூழலில் இன்னும் சீக்கிரம் மாற்றவும் என்று இருக்கும். ஜவ்வாது மலையில் ஓடும் வண்டிக்கு அந்தச் சிறிய எழுத்துதான் பொருந்தும். போளூரில் ஓடும் வண்டியும் புதூர்நாட்டில் ஓடும் வண்டியும் ஒரே கணக்கில் ஆயில் மாற்றினால், புதூர்நாட்டு வண்டிக்கு அநியாயம் நடக்கிறது.

இனி இறக்கம். ஏற்றத்தில் கெடுவது என்ஜின் என்றால் இறக்கத்தில் போவது உயிர். அதனால் பிரேக் திரவத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும்.

சுமையோடு ஒன்றரை டன் எடையுள்ள ஒரு குட்டியானை 500 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே இருந்தபோது அதற்கு இருந்த நிலையாற்றல் எங்காவது போக வேண்டும். கணக்கிட்டால் சுமார் 73 லட்சம் ஜூல் வருகிறது. 25 லிட்டர் தண்ணீரைச் சாதாரண சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் அது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், சில கிலோ எடையுள்ள தட்டும் டிரம்மும் ஏறக்குறைய இந்த வெப்பம் முழுவதையும் வாங்கிக் காற்றில் விட வேண்டும். தட்டு சில நூறு டிகிரிக்குப் போவது இயல்பு. தட்டின் பக்கத்தில், சில சென்டிமீட்டர் தூரத்தில், பிரேக் திரவம் இருக்கிறது.

காலால் மிதிக்கும் விசையைச் சக்கரம்வரை கொண்டுபோவது இந்தத் திரவம்தான். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்ற ஒரே குணத்தை நம்பித்தான் பிரேக் வேலை செய்கிறது. திரவம் கொதித்துவிட்டால் குழாயில் ஆவிக் குமிழிகள் வந்துவிடும். ஆவியை எளிதாகச் சுருக்கலாம். மிதித்தால் பெடல் தரைவரை போகும். சக்கரத்தில் ஒன்றும் நடக்காது. மெக்கானிக் வந்து பார்க்கும்போது எல்லாம் ஆறி, ஆவி மறுபடி திரவமாகி, பிரேக் நன்றாகவே பிடிக்கும். அதனால்தான் இந்தக் கோளாறு பலருக்குப் புரியாமலே போகிறது.

டாட் 3 என்ற தரக்குறி கொண்ட புது பிரேக் திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4 என்றால் 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் இந்தத் திரவங்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுடையவை. ரப்பர் குழாய் வழியாகவும் மூடியின் மூச்சுத்துளை வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் டாட் 3க்குக் கொதிநிலை 140 டிகிரி இருந்தாலே விதிப்படி சரி. டாட் 4க்கு 155. மலைப்பாதைக்கு இது போதாது. இவ்வளவு ஈரத்தை உறிஞ்சும் பொருளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். உறிஞ்சாத திரவமாக இருந்தால், உள்ளே நுழையும் தண்ணீர் தனியாகப் பிரிந்து, தாழ்வான இடமான சக்கரத்தருகே துளியாகத் தேங்கும். அந்தத் துளி 100 டிகிரியிலேயே கொதித்துவிடும், இரும்பையும் அரிக்கும். தண்ணீரைத் தன்னில் கரைத்துப் பரப்பிவைப்பது அதைவிடப் பாதுகாப்பு. அதற்கு விலையாக, திரவத்தைக் குறித்த காலத்தில் மாற்றியாக வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்பதுதான் பெரும்பாலான வண்டிகளுக்கான கணக்கு. கிலோமீட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ஈரம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். மூடி திறந்து பல மாதம் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றாதீர்கள். என்ஜின் ஆயிலை மறந்தும் அதில் ஊற்றக்கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிப்போய் பிரேக் செத்துவிடும்.

திரவத்தின் மட்டம் குறைந்தால் உடனே ஊற்றி நிரப்புவதும் சரியல்ல. பிரேக் பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், திரவம் அந்த இடத்தை நிரப்பும், மட்டம் இறங்கும். குறைந்த மட்டம் ஒரு செய்தி. பேடைப் பார், கசிவு இருக்கிறதா பார் என்கிறது. ஊற்றி நிரப்பினால் செய்தி அழிந்துவிடும்.

எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வதுண்டு. மேலே போட்ட கணக்கை அவர்கள் போட்டதில்லை. ஆனால் விடை சரியாகத் தெரிந்திருந்தது. தாழ்ந்த கியரில் இறங்கினால் அந்த வெப்பத்தில் பெரும்பங்கை என்ஜின் வாங்கிக்கொள்கிறது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டோ என்ஜினை அணைத்தோ இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எரிபொருளை மின்னணு முறையில் தெளிக்கும் இன்றைய வண்டிகளில், கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் அறவே நின்றுவிடும். சக்கரமே என்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்கச் சிறிது எரிபொருள் செலவாகும். அதாவது நியூட்ரலில் மிச்சமே இல்லை. என்ஜினை அணைத்தாலோ, பிரேக்கை மிதிக்க உதவும் வெற்றிட பூஸ்டர் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துபோகும். பிறகு முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கும்.

ரேடியேட்டர் உள்ள வண்டிகளுக்குச் சுருக்கமாக. காவலூர் உயரத்தில் தண்ணீர் 97, 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைக் கூட்டிவைப்பதால்தான் கூலன்ட் 110 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆறும்வரை காத்திருங்கள். போர் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பு குழாய்களில் படியும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கொடிய நஞ்சு. வடித்ததைத் திறந்த சட்டியில் விட்டால் ஆடும் நாயும் குடித்துச் சாகும்.

பைக் செயினுக்கு எண்ணெய் விடுபவர்கள் வெளிப்பக்கம் பளபளக்கும்படி விடுகிறார்கள். செயின் தேய்வது வெளியே இல்லை. உள்ளே ஊசிக்கும் அதைச் சுற்றிய உறைக்கும் நடுவில். ஓட்டிவிட்டு வந்து செயின் சூடாக இருக்கும்போது, உட்பக்கத்தில், ஒவ்வொரு கண்ணியின் இடுக்கிலும் இறங்கும்படி விட வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்; என்ஜினை ஓடவிட்டுச் செய்தால் விரல் போகும். வடித்த பழைய ஆயிலைச் செயினுக்கு விடும் பழக்கம் மலையெங்கும் இருக்கிறது. அதில் கரியும் இரும்புத் துணுக்கும் அமிலமும் இருக்கின்றன. செயின் சீக்கிரம் போகும். செயினிலிருந்து சொட்டியது மண்ணில் சேரும்.

அந்தப் பழைய ஆயில்தான் கடைசியாக நான் சொல்ல வேண்டியது. என்ஜினுக்குள் எண்ணெயின் மூலக்கூறு பெரும்பாலும் தேய்வதில்லை. தீர்ந்துபோவது அதில் கலந்த சரக்குகள். சேர்ந்துபோவது கரி, தண்ணீர், உலோகத் தூள். அவற்றை நீக்கிச் சுத்திகரித்தால் பழைய ஆயிலிலிருந்து மறுபடி நல்ல அடிப்படை எண்ணெய் கிடைக்கும். இந்தியாவில் பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு என்று விதி சொல்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிப்பவர்களே அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மலையில் ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தி ஆயிலை வடித்து விட்டால், அது அந்த விதிக்குள் வராது, தண்ணீருக்குள் போகும். ஒரு லிட்டர் பழைய ஆயில் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கக்கூடியது.

ஆயிலை நீங்களே மாற்றுகிறீர்கள் என்றால் வடித்ததை ஒரு கேனில் பிடித்து, இறுக மூடி, வேறு எதையும் கலக்காமல், கீழே போகும்போது பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். மெக்கானிக்கிடம் விடுகிறீர்கள் என்றால் வடித்தது எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு திருவண்ணாமலை மாவட்டத்தின் வயல்களுக்குப் பாய்ந்துவிட்டுத்தான் பாலாற்றில் சேர்கிறது.